வெயிலில் காய்ந்த பச்சை ஏலக்காய்

போன ஞாயிற்றுக்கிழமை, போடிநாயக்கனூரில், மேட்னி ஷோவில் என்னை வசமாகப் பிடித்துக்கொண்டார்கள். படபடப்பு இன்னும் அடங்கவில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன்... இவ்வளவு சந்தோஷமாக நான் மாட்டிக்கொண்டதே இல்லை!

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்து ஏலமலையில் ஒரு கொலை நடப்பதாக நான் எழுதிய நாவல் படமாகியிருக்கிறது. சென்னைப் பத்திரிகைகள் தூக்கி வைத்துக் கொண்டாடின. துப்பறியும் காட்சிக்கு ஒருவர் அரைப்பக்கம் ஒதுக்கினார். கதாசிரியர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். நானா? மதுரையில், மாடி வீட்டில் பிறந்தவன். தங்கை வீட்டுக்குப் போனபோது ஒரே ஒரு நாள் குரங்கணி வரை ஜீப்பில் போனேன். மலை அனுபவம் அவ்வளவுதான்!

விமர்சனங்களையெல்லாம் கத்தரித்து ஒரு பைலில் ஒட்டி, அதோடுதான் போடிக்குப் பஸ் ஏறினேன். எதற்கு? மலைக்காரர்களிடமும் ஒரு சபாஷ் வாங்கத்தான். வேறென்ன?

தங்கை வீட்டுக்காரர் ராமசாமி போடியில் தக்காளி போடுகிறவர். அவர்தான் டிக்கெட் எடுத்தார். எங்களுக்கு முன் வரிசை முழுக்க ஏலக்காய்க் கிட்டங்கியில் வேலை பார்க்கும் பெண்கள். நிறம் பார்த்து, பருமன் பார்த்துக் காயைத் தரம் பிரிப்பது அவர்கள் சோலி. ராமசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "இவருதேன் கதை எழுதுனவரு. எம் மச்சான்" என்று சொல்லிவிட்டார். ராசாத்தி என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், திரும்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டாள். நான் பைலைத் தடவிக்கொண்டேன்.

கதை இதுதான். கங்காணியைக் கொன்றுவிட்டு, அன்று பறித்த காய் மூட்டைகளை யாரோ கடத்திவிடுகிறார்கள். கூலிக்காரன் வீரனின் குடிசையில் ஒரு மூட்டை உலர்ந்த ஏலக்காய் கிடைக்கிறது. பின்னாலேயே ஒரு பாறை. திருடிய காயை இங்கேதான் வெயிலில் காயவைத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்கிறார் இன்ஸ்பெக்டர். திரையில் பாறை முழுக்கப் பச்சைப் பசேலென்று காய்! சென்னையில் கைதட்டல் விழுந்த இடம்.

போடியில் சிரிப்பு விழுந்தது. முதலில் முன் வரிசை. அப்புறம் மொத்த தியேட்டரும்.

"அடப் பாவிகளா! வெயில்ல போட்டா காய் வெளுத்துல்ல போகும்? மூட்டைக்குள்ள பச்சையாவுல்ல கெடக்கு!" என்று கத்தினாள் ராசாத்தி.

"என்ன மாப்ளே இது?" என்று ராமசாமியைக் கேட்டேன். "நமக்குத் தக்காளிதேன் தெரியும் மச்சான்" என்று கைகழுவிவிட்டார்.

இடைவேளையில் ராசாத்தி பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே, ஸ்டோர்னு ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையா?"

ஸ்டோர் என்றால் அங்கே நெருப்புச் சூட்டில் காயை உலர்த்தும் கட்டடமாம். அடைத்த அறைக்குள் குழாய்வழியே சூட்டை ஓடவிடுவார்களாம். அப்படி உலர்த்தினால்தான் பச்சை நிற்குமாம். நான் குரங்கணியில் பார்த்தது, களத்தில் காய்ந்த காப்பிக்கொட்டை. ஏலக்காய்க்கும் அப்படித்தான் என்று நானாக முடிவுசெய்து எழுதிவிட்டேன்! டைரக்டர் மேல் பழியைப் போட வாய் வரை வந்தது. ஆனால் அவர் என் பன்னிரண்டாம் அத்தியாயத்தை வரி பிசகாமல் எடுத்திருந்தாரே... என்ன செய்வது?

"அப்ப அந்த மூட்டை எங்க இருந்து வந்துச்சு?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"ஸ்டோர் வச்சிருக்கவன்ட்ட இருந்துதேன்" என்றாள் ராசாத்தி.

"படத்துல ஸ்டோர் வச்சிருக்கிறது யாரு?"

தோட்ட முதலாளி! நான் தங்கமான மனிதராகப் படைத்த முதலாளி!

அய்யோ, அதற்கப்புறம் தியேட்டரைப் பார்க்க வேண்டுமே! முதலாளி தலை தெரிந்தாலே விசில், கூச்சல். வீரன் மனைவிக்கு அவர் கம்பளி கொடுத்துக் கண்ணீர் விட்டபோது, "நடிக்கிறான்டி!" என்று முன் வரிசையே எழுந்துவிட்டது. குடிசையைச் சோதிக்கச் சொன்னது யார்? அவர். இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்தது? அவர். நல்ல மனசு என்று நான் எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாகச் சாட்சி சொல்ல ஆரம்பித்தது. என் நாவலுக்குள் இப்படி ஒரு பிரமாதமான நாவல் இருப்பது எனக்கே தெரியாதே!

வீரனைத் தூக்கில் போட்டார்கள்.

விளக்கு போட்டதும் ராசாத்தி என்னிடம் வந்தாள். இப்போது சிரிப்பில்லை.

"எங்க அய்யாவையும் இப்படித்தேன் காய் களவாண்டாருன்னு தோட்டத்த விட்டு வெரட்டிவிட்டாகண்ணே. அவரு குடிசையிலயும் கெடந்தது பச்சை மாறாம காஞ்ச காய்தேன். ஸ்டோர் சாவி அவரு கையிலயா இருந்துச்சு? ஒருத்தரும் கேக்கல. கடேசி வரைக்கும் களவாணிப்பய பேரோடதேன் போய்ச் சேந்தாரு."

நான் பைலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"படத்துல செத்தவன் செத்துட்டான். புஸ்தகத்துலயாச்சும் அந்த ஆளத் தூக்குல இருந்து எறக்கி விடுங்கண்ணே."

"கட்டாயம் எறக்கிர்றேம்மா" என்றேன். பைலைத் திறக்கவே இல்லை. மறுநாள் காலையில் பதிப்பாளருக்கு டிரங்க் கால் போட்டு, இரண்டாம் பதிப்பை நிறுத்திவைத்துவிட்டேன். பன்னிரண்டாம் அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை காயின் நிறத்தைப் பார்க்கிறார்.

வீரன் வீட்டுக்குப் போகிறான் — விமர்சகர்கள் வேண்டுமானால் அப்பீல் செய்துகொள்ளட்டும்!