நாலாவது உப்புக் கிண்ணம்

நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டு அவலூர்பேட்டை போய்விட்டு வேலைக்குத் திரும்பிய காலை. காட்சிக்கூடத்தின் பின்புறக் குழாயடியில் எங்கள் செயலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குத்த வைத்திருந்தார். பக்கத்தில் கரைத்த புளி, பாத்திரம் தேய்க்கிற பவுடர், கம்பி நார். கையில் என் உப்புக் கிண்ணம். எனக்குப் பகீரென்றது.

செஞ்சியில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்னக் காட்சிக்கூடம் அது. பொருள்களைக் கெடாமல் பாதுகாப்பது என் வேலை. இங்கிலாந்தில் செய்த பழைய வெள்ளிச் சாமான்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன: டீ பாட், கரண்டிகள், சாப்பாட்டு மேஜையில் வைக்கிற நான்கு உப்புக் கிண்ணங்கள். உப்பு வெள்ளியை அரித்துவிடும் என்று, கிண்ணங்களின் உட்புறத்துக்கு மட்டும் மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்திருந்தார்கள். நானே பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி.

"வாம்மா மேரி. நாளைக்கு நம்ம அறக்கட்டளைத் தலைவர் வந்து இந்த வெள்ளிச் சாமான் ரூமைத் தொறக்கறாரு. நீ இன்னாத்த பாத்துக்கினு இருந்த? உள்ள பூரா மஞ்சா கறை, சாம்பார் ஊத்தி வெச்ச மாதிரி! தேய்ச்சித் தேய்ச்சித் தோள்பட்டையே போச்சு. மூணு முடிச்சிட்டேன்."

"ஐயோ சார்! அது கறை இல்ல, தங்கம்!"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தங்கத்த எவனாவது உள்ள பூசுவானா? வெளிய இல்ல பூசுவான்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கையிலிருந்த நாலாவது கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, உப்பு, அரிப்பு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி, போனது போச்சு. மூணு வெள்ளையா இருக்குது, ஒண்ணு மட்டும் மஞ்சாவா இருந்தா தலைவர் இன்னா நெனைப்பாரு? அதையும் குடு, ஒரே மாதிரி ஆயிடும்."

மனுஷருக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் கொடுமை. திருட வந்தவனிடம் சண்டை போடலாம்; சுத்தம் பண்ண வந்தவரிடம் என்ன சண்டை போடுவது? முடியாது என்று நான் சொன்னாலும் அலமாரிச் சாவி அவரிடமும் ஒன்று இருந்தது. நான் வீட்டுக்குப் போனதும் மிச்சத் தங்கமும் சாக்கடையில் போயிருக்கும்.

"சார், கிண்ணத்து அடியில முத்திரை இருக்குது. செஞ்ச ஊரு, வருஷம் எல்லாம் அதுலதான் தெரியும். ஜனங்க பாக்கணும்னா ஒண்ணையாவது கவுத்து வெக்கணும்."

யோசித்தார். "கவுத்து வெச்சா மஞ்சா தெரியாதில்ல?"

"தெரியாது சார்."

"அப்ப சரி. இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

மறுநாள் தலைவர் வந்தார். "கிண்ணமெல்லாம் பளபளன்னு இருக்குதே!" என்றார். "எல்லாம் நம்ம மேரி வேலைங்க" என்றார் செயலாளர், பெருந்தன்மையாக. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை அங்கேயே கிழித்திருப்பேன். கைகூப்பி வாங்கிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். லீவில் போகும் முன், எதைத் தொடக்கூடாது என்பதை மேலே இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நாலாவது கிண்ணம் இன்னும் கவிழ்ந்தேதான் இருக்கிறது. செஞ்சிப் பக்கம் போனால் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தயவுசெய்து யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.