நானூற்றுப் பதினேழாவது சீல்

காத்தமுத்து திருடவில்லை. அந்த வேகன் கதவில் தவறான சீலைப் போட்டுவிட்டுச் சரியான எண்ணைக் கூவியவள் நான்.

இந்த இரண்டு வரியைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. சொல்ல வேண்டிய இடம் இது அல்ல என்பதும் எனக்குத் தெரியும். உங்களுக்கு என் முகம் தெரியாது, என் கையைப் பற்றியும் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வருகிறது...

அரியலூர் கூட்ஸ் ஷெட்டில் சிமெண்டு மூட்டை ஏற்றும் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தேன். என் வேலை, மூட்டை ஏற்றி முடிந்த வேகனுக்குச் சீல் போடுவது. கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியை வளையத்தில் மாட்டிவிட்டு ஆண்கள் போவார்கள். அதற்குப் பிறகு நான். சேர்ந்த காலத்தில் ஈயக் குண்டு. குறடால் நசுக்க வேண்டும். பிற்பாடு பிளாஸ்டிக் சீல் வந்தது. அதற்கு ஒரு தலை, ஒரு வால். கொண்டியின் துளையிலும் வளையத்தின் துளையிலும் வாலை நுழைத்துத் தலைக்குள் தள்ளினால் டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! எந்தக் கொம்பனாலும் கழற்ற முடியாது. வெட்டத்தான் வேண்டும். வெட்டிவிட்டு வேறொன்றைப் போட்டாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு சீலுக்கும் ஓர் எண், ஒன்றின் எண் இன்னொன்றுக்குக் கிடையாது.

எனக்கு எழுத்து அரைகுறை. எண் மட்டும் தெளிவாகத் தெரியும். சீலைப் பூட்டியதும் அதன் கடைசி மூன்று எண்ணை உரக்கக் கூவுவேன். கிளார்க் சார் எழுதிக்கொள்வார். அவர் எழுந்து வந்து ஒவ்வொரு கதவையும் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது விதி. சித்திரை வெயிலில், சிமெண்டுப் புழுதியில் யார் வருவார்? "மருதாம்பா சொன்னா சரியா இருக்கும்" என்று நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

அந்தச் சொல் எனக்கு என்னவாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? என் அப்பா அடுத்தவன் நிலத்தில் கைகட்டி நின்றவர். பால் பல் விழாத பிள்ளைகூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும். நானும் களை பறிக்கப் போனவள்தான். என்னை "ஏய்" என்பார்கள். கூட்ஸ் ஷெட்டில் எனக்கு ஒரு பேர் வந்தது. "மருதாம்பா கை தப்பாது." ஸ்டேஷன் ஆட்கள் சொன்னார்கள், லாரி டிரைவர்கள் சொன்னார்கள். சம்பளத்தைவிட அந்தப் பேரைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அதை முதலில் சொன்னவன் காத்தமுத்து. ஷெட்டுக்குக் காவல்காரன். ஆபீஸ் அறைச் சாவியும் அவனிடம்தான். திருமழபாடிக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், வாய் ஓயாதவன். புதிதாக வருபவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, "கண்ணக் கட்டி விட்டாலும் எங்கக்கா சீலு போடும்டா" என்பான். நான் கேட்காதவள் மாதிரி போவேன். கேட்டுக்கொண்டேதான் போவேன்.

அன்றைக்குக் காலையில் சின்னப்பொண்ணு என்கிற புதுப் பெண் ஒரு சீலைக் கெடுத்துவிட்டாள். வாலைக் கொண்டியில் மட்டும் நுழைத்து, வளையத்தை விட்டுவிட்டுப் பூட்டிவிட்டாள். கதவைத் தள்ளினால் திறக்கிறது, சீல் பாட்டுக்குத் தொங்குகிறது! கெட்ட சீலை வெட்டிக் கிளார்க்கிடம் கொடுக்க வேண்டும். அவர் நோட்டில் 'பழுது' என்று எழுதி, கெடுத்தவரிடம் கையெழுத்து வாங்குவார். வேறு தண்டனை ஒன்றுமில்லை. வெறும் ஒரு கையெழுத்து...

நான் சும்மா இருந்தேனா? எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, அது கண்ணா சட்டைப் பொத்தானா? ரெண்டு ஓட்டையில நொழைக்கத் தெரியாதவ எதுக்குடி இந்த வேலைக்கு வந்த?"

"தெரியாம வுட்டுட்டேன்க்கா..."

"இத்தன வருசத்துல எங் கையில ஒன்னு கெட்டிருக்கான்னு கேளு. கேளுடி, அந்த சாரையே கேளு!"

ஆண்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போய்க் கையெழுத்துப் போட்டாள்.

சாப்பாட்டுக்கு முந்தி அதே தப்பை நான் செய்தேன்.

எப்படி என்று கேட்காதீர்கள். வெயிலா, கண்ணா, கர்வமா... டக்கென்று சத்தம் கேட்ட பிறகுதான் பார்த்தேன். வால் வளையத்துக்குள் போகவில்லை. நானூற்றுப் பதினேழு. சின்னப்பொண்ணு இரண்டு வேகன் தள்ளி நின்றாள். கிளார்க் நிழலில் பேனாவோடு காத்திருந்தார்.

"ஆச்சாம்மா?" என்றார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கெட்டுப் போச்சு சார்." மூன்று சொல்! சின்னப்பொண்ணு சிரித்திருப்பாள். சிரித்தால் என்ன? செத்தா போயிருப்பேன்?

குறடால் அதை வெட்டி மடியில் செருகினேன். அடுத்த சீலை எடுத்து அதையே நானூற்றுப் பதினேழு என்று கூவலாம். ஆனால் அதற்குப் பிறகு எல்லாமே ஒன்று தள்ளிப் போகும், வரிசையாகப் பொய் சொல்ல வேண்டி வரும். அந்த அரை நிமிடத்தில் இவ்வளவும் யோசித்தேன், பாருங்கள்! ஆகவே எண் வரிசையாக அடுக்கிய சீல் கட்டின் அடியிலிருந்து கடைசிச் சீலை உருவினேன். மிஞ்சுகிற கட்டு எப்படியும் ஆபீஸ் மேசை டிராயருக்குத்தான் போகும், அடியில் ஒன்று குறைவதை யார் பார்க்கப் போகிறார்கள்? அதைப் பூட்டிவிட்டு, என் குரல் கொஞ்சமும் பிசகாமல் கூவினேன்.

"நானூத்திப் பதினேழு!"

"நானூத்திப் பதினேழு. சரி."

சாயங்காலம் அந்தப் பழுதான சீலை அடுப்பில் போட்டேன். உருகிப் போயிற்று. எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாதம் கழித்து ஓலை வந்தது. சரக்கு போய்ச் சேர்ந்த ஊரில் ஒரு வேகனில் மூட்டை குறைகிறது. மூட்டை குறைவது ஒன்றும் புதிதல்ல. ஏற்றும்போதே எண்ணிக்கை தவறியிருக்கும், எங்காவது கிழிந்திருக்கும். சீல் சரியாக இருந்தால் எழுதித் தள்ளிவிடுவார்கள். ஆனால் இந்த வேகனின் கதவில் இருந்த சீலும் நோட்டில் இருந்த எண்ணும் வேறு வேறு. என் கதவு! அத்தனை கதவில் அந்த ஒரு கதவு! மூட்டைகள் எங்கே போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை ஏற்றப்படவே இல்லையோ, என்னவோ.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். டிராயரைத் திறந்து, அன்றைக்கு மிஞ்சி அப்படியே கிடந்த சீல் கட்டை எடுத்துப் பார்த்தார். அடியில் ஒன்று இல்லை. அந்த ஒன்றுதான் வேகன் கதவில் இருந்தது. அவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வண்டி கிளம்புவதற்குள் யாரோ சீலை வெட்டி, மூட்டையை இறக்கி, டிராயரில் இருந்து வேறு சீலை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். டிராயர் இருக்கும் அறைக்குச் சாவி யாரிடம்?

முதலில் என்னைத்தான் கேட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் கேட்டார்.

"அம்மா, நீங்க போட்ட சீலோட நம்பரத்தான் கூப்பிட்டீங்களா?"

"ஆமாங்க சார்."

அடுத்துக் காத்தமுத்து. அவனுக்கு நாற்காலி இல்லை. நான் கதவோரம் நின்றேன்.

"இந்தம்மா நம்பர மாத்திக் கூப்பிட்டிருக்க வாய்ப்பு இருக்கா? யோசிச்சுச் சொல்லு."

அந்த அதிகாரி அவனுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார். 'இருக்கலாம் சார்' என்று அவன் சொல்லியிருந்தால் போதும், தப்பித்திருப்பான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சிரித்தான்!

"அக்கா கை தப்பாது சார். வேற யார வேணாலும் சொல்லுங்க, அவங்கள மட்டும் சொல்லாதீங்க."

"அப்ப சீல மாத்தினது யாரு? சாவி ஒங்கிட்டதான இருந்துச்சு?"

காத்தமுத்துவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. இறக்கி வைக்க இடம் தெரியாதவன் மாதிரி அதை வைத்துக்கொண்டே நின்றான். நான் அந்தக் கதவோரத்தில் நின்றேன்.

போலீஸ் ஸ்டேஷனில் அவனை இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். சாட்சி போதாது என்று வழக்குப் போடாமல் விட்டுவிட்டார்கள், வேலை போயிற்று. ஆலத்தியூர்ப் பக்கம் காவல் வேலை கேட்டுப் போனான். அவனுக்கு முன்னே அவன் கதை போய்ச் சேர்ந்திருந்தது. குன்னத்தில் சோளக்காட்டுக்குக் கூலிக்குப் போனான். ஊரில் அவனுக்குச் 'சீல் வெட்டி' என்று பேர் வைத்தார்கள். எனக்கு ஒரு பேர் கிடைத்தது போலவே அவனுக்கும் ஒரு பேர். இரண்டையும் கொடுத்தது ஒரே கை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதற்குப் பிறகும் நான்கு வருடம் சீல் போட்டேன். ஒன்றுகூடக் கெடவில்லை. வயதாகி வேலையை விட்டு வந்த அன்று கழுத்தில் மாலை போட்டார்கள். போட்டுக்கொண்டேன்.

சொல்ல நினைத்த நாளெல்லாம் உண்டு. அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டாரே என்று ஒரு சமாதானம். இனிச் சொன்னாலும் வேலை திரும்பவா வரும் என்று இன்னொன்று. என் பிள்ளைகளுக்குத் தலைகுனிவு என்றும் சொல்லிக்கொண்டேன். பொய்! பிள்ளைகளுக்காக இல்லை. எனக்காகத்தான்.

போன தை மாதம் காத்தமுத்து என் வீட்டுக்கே வந்தான். பேத்திக்குக் காதுகுத்து, திருமழபாடிக் கோயிலில். "நீங்க வராம எப்படிக்கா?" என்று வெற்றிலை பாக்கு வைத்தான். போனேன்.

எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். சீர்வரிசைத் தட்டும் நகையும் இருந்த அறையைப் பூட்டிச் சாவியை அவன் மகள் அவனிடம் நீட்டினாள். மருமகன் குறுக்கே கையை விட்டு வாங்கிக்கொண்டான்.

"அவருகிட்ட எதுக்குச் சாவி? பழைய கை சும்மா இருக்குமா?"

வாசலில் நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். காத்தமுத்து சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"இந்தா, அக்கா நிக்கிறாங்க. அன்னைக்கு ஷெட்ல இருந்தவங்க. நான் அப்படிப்பட்டவனான்னு இவங்களக் கேளுங்க மாப்பிள!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"எந் தம்பி அடுத்தவன் பொருளத் தொட மாட்டான். நான் சாமி மேல சத்தியம் பண்ணுறேன்."

மருமகன் மரியாதையாகத்தான் கேட்டான். "சரிங்க பெரியம்மா. அவரு மாத்தல. அப்ப நீங்க நம்பர தப்பாக் கூப்பிட்டீங்களா?"

பாருங்கள், ஒன்பது வருடத்துக்குப் பிறகு அதே கேள்வி. அதிகாரி அல்ல, போலீஸ் அல்ல. சாவியைக் கையில் வைத்திருக்கிற ஒரு பையன், அவ்வளவுதான்! 'ஆமாம்பா' என்றால் முடிந்தது. காத்தமுத்துவின் மனைவி பவுனு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அப்படியே பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று எனக்கே தோன்றியது. நாக்கு நுனிக்கு வந்தது...

"நான் தப்பாக் கூப்பிட்டதே இல்லையேப்பா" என்றேன்.

மருமகன் தலையை ஆட்டிக்கொண்டு சாவியைச் சட்டைப் பையில் போட்டான். மேளம் ஆரம்பித்தது. எல்லோரும் நடந்தார்கள்.

மத்தியானம் என்னைப் பஸ் ஏற்றிவிடக் காத்தமுத்து கூட வந்தான். கொள்ளிடக் கரை ஓரமாகவே நடந்தோம். அவன் பழையபடி ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். மணல், தண்ணீர், பேத்தி அழுத அழுகை. பஸ் வந்து நின்றது. என் பையை உள்ளே வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, எம் மேல வருத்தம் இல்லையே? நாலு பேரு முன்னால உங்களப் போயி அப்படிக் கேக்குற மாதிரி ஆக்கிட்டேன். உங்க கையப் பத்தித் தெரியாத பயலுவ..."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

"வருத்தம் இல்லப்பா" என்றேன்.