கடலைப் பார்த்த வாசல்

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, கடலால் வந்து கற்பிட்டியில் இறங்கினோம். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். படம் கீறச் சொல்லித்தர யாருமில்லை. அது எவ்வளவு நல்லது என்று அன்று தெரியவில்லை. முகாமில் சிமெந்துப் பைக் கடதாசியில், அடுப்புக்கரியால், ஆட்கள் விட்டுவிட்டு வந்த வீடுகளை அவர்கள் சொல்லச் சொல்லக் கீறினேன். தொழுகிற இடத்தில் மனித உருவம் மாட்டமாட்டோம். அதனால் வாசற்படியில் செருப்புகளைக் கீறுவேன். பெரியது வாப்பாவுடையது, சின்னது பிள்ளையுடையது. அதைப் பார்த்ததும் பெண்கள் அழுதுவிடுவார்கள்.

எங்கள் வீட்டையும் ஞாபகத்தில் இருந்தபடி கீறி, எனக்கு மூத்தவள் ராத்தாவிடம் கொடுத்தேன். வாசலைத் திறந்தால் கடல்.

பிறகு முறையாகப் படித்தேன். நிழலும் தூரமும் கைக்கு வந்தன. கண்காட்சிகள் வைத்தேன், பாராட்டினார்கள். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு ஊருக்குப் போனால் எங்கள் வீட்டில் அத்திவாரம்தான் மிச்சம். வாசற்படி இருந்தது ரோட்டுப் பக்கம். கடல் பின்னால், கக்கூசுக்கு அங்கால் கிடந்தது.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் சரியாகவே கீறுகிறேன். இப்போது ஆட்களும் பழைய வீட்டுப் போட்டோவைப் போனில் அனுப்பிவிடுகிறார்கள். ஜன்னல் கம்பிகூடப் பிசகாது. "அப்பிடியே இருக்கு" என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் அழுவதில்லை. எனக்கு அந்த அழுகை வேண்டும். வெட்கத்தை விட்டே சொல்கிறேன்.

போன பெருநாளுக்கு நுரைச்சோலையில் இருக்கும் ராத்தா வீட்டுக்குப் போனேன். அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்னும் தொங்கியது.

"ராத்தா, இதக் கழட்டித் தாங்க. வாசல் பிழை. சரியாக் கீறித் தாறன்."

"ஒனக்கென்ன விசரா? வாசல் ரோட்டுப் பக்கம் எண்டு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அண்டைக்கே சொல்லல்ல?"

"உம்மாதான் சொல்ல வேணாம் எண்டா. கடலாலதானே வந்தம், திரும்பிப் போறண்டாலும் கடலாலதானே போய் எறங்குவம், வாசல் அங்காலயே இருக்கட்டும் எண்டா."

உம்மா ஊரைத் திரும்பப் பார்க்காமலே மௌத்தாகி, அடக்கியும் கனகாலம். நான் படத்தைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து, கடலைப் பார்த்த வாசல் ஒன்றை மறுபடி கீறிப் பார்த்தேன். பல நாட்களாக அதே வேலைதான். சுவர் சரியாக வருகிறது, நிழல் சரியாக விழுகிறது. தோணியிலிருந்து இறங்கி வரும் உம்மா உள்ளே நுழைகிற வாசலாக மட்டும் அது வரமாட்டேன் என்கிறது.