பௌத்திரமும் கிரகப்பிரவேசமும்

எனக்கு வந்த பௌத்திரத்தைவிட, அதற்கு ஆளாளுக்குச் சொன்ன யோசனைகள்தான் என்னை அதிகம் படுத்தின. ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு துளை, அதிலிருந்து ஓயாமல் சீழ். கீழ்பென்னாத்தூர் பள்ளியில் நாற்காலியைத் தொடாமலே ஒரு வருடம் பாடம் நடத்தினேன். உட்காராமல் உழைக்கிற டீச்சர் என்று பாராட்டுகூட வந்தது.

சென்னையில் பார்த்த பெண் சர்ஜன், இது வெறும் பௌத்திரம் இல்லை, குரோன் என்கிற குடல் நோயால் வந்தது என்றார். அறுத்துத் திறந்தால் மலத்தை அடக்கும் தசையும் போய்விடும், புண்ணும் ஆறாது. அதனால் துளை வழியாக ஒரு நூலை விட்டு வளையமாகக் கட்டினார். சீழ் தேங்காமல் வடிய அதுதான் வழி. ஊசி மருந்தில் குடல் அடங்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். என் கணவரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்.

அப்போதுதான் அடி அண்ணாமலையில் நாங்கள் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வந்தது. ஹோமத்துக்கு நானும் அவரும் மணையில் உட்கார வேண்டும். சீழ் வடிகிற உடம்போடு உட்கார்ந்தால் தீட்டு என்றார் என் நாத்தனார். அக்கா வாயைத் திறந்தால் என் கணவருக்கு அது சட்டம். குடலைப் பற்றி நாத்தனாருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நாலு எழுத்து படித்த நானும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூலமும் பௌத்திரமும் ஆபரேஷன் இல்லாமல் குணமாகும் என்று போர்டு மாட்டியிருந்த ஒருவனிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் நூலை மறந்து உள்ளேயே விட்டுவிட்டார் என்றான் அவன். கத்தரித்து உருவிவிட்டு ஏதோ பொடியை அப்பினான். ஒரு வாரத்தில் வெளித்துளை மூடிக்கொண்டது. வீடே கொண்டாடியது. உள்ளே ஊறுகிற சீழ் எங்கே போகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஹோமத்தின் பாதியில் குளிர் ஜுரம் என்னைத் தூக்கிப் போட்டது. புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உட்காரும் இடம் கல்லாக வீங்கியிருந்தது. மறுபடி சென்னை, மறுபடி மயக்க மருந்து. சர்ஜன் கீறிச் சீழை எடுத்தார். புதிதாக இன்னொரு வழி கிளைத்திருந்ததால் இந்த முறை இரண்டு நூல். தசை கொஞ்சம் போய்விட்டது, மிச்சம் இருப்பது தாங்கும். இன்னொரு தடவை இப்படி ஆனால் மலம் போக வயிற்றில் பை வைக்க வேண்டியதுதான் என்றார். கணவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சர்ஜன் போனதும் கட்டிலருகே வந்து மெதுவாக ஆரம்பித்தார்.

"ஹோமம் பாதியில நின்னுபோச்சு. ஐயரு திரும்பச் செய்யணும்னு சொல்றாரு. இந்த நூலை எப்ப எடுப்பாங்க?"

எனக்கு ஜுரம் இறங்கியிருந்தது, கோபம் இறங்கவில்லை.

"நூலோட மணையில உட்காரலாம்னா வரேன். இல்லனா நீங்க மட்டும் உட்காருங்க," என்றேன்.

அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.