கொட்டாஞ்சேனைக்கு ஒரு கடைக் கண்ணாடியைப் பார்க்கப் போனேன்

கொட்டாஞ்சேனைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோதான் போவார்கள். நான் போனது ஒரு கடைக் கண்ணாடியைப் பார்க்க. கடை எடுக்க, கட்டடம் வரைய என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

என் பெரியம்மாவின் மகள் வாசுகி அக்கா அங்கே பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருந்தார். புதுக் கட்டடம். கீழ்த்தளத்தின் முன்பாதி ஒரு சேலைக்கடை, பின்பாதி அக்காவுடையது, நடுவில் கண்ணாடித் தடுப்பு. தெருவில் நின்றாலே அக்காவின் தையல் மெஷின் தெரியும் என்பதால்தான் அந்த இடத்தை எடுத்தார். கட்டட அனுமதியிலும் ஒரு நிபந்தனை இருந்தது: தெருவைப் பார்த்த கீழ்த்தளக் கண்ணாடி உள்ளே தெரியும்படி இருக்க வேண்டும், கறுப்புத் தாளோ ஸ்டிக்கரோ ஒட்டக் கூடாது. நல்ல விதி. மூடிய சுவர் ஓரமாக யாரும் நின்று பார்த்து நடப்பதில்லை.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா போன் எடுத்தார். "முன்கடைக்காரர் மறைச்சுப்போட்டார். புதுசா ஒருத்தரும் வருகினமில்லை. இந்த மாசம் பாப்பன், இல்லாட்டி விட்டிட்டுப் போறன். நீ கண்ணாடிக் கொம்பனியிலதானே இருக்கிறாய், வந்து கதை." நான் இரத்மலானையில் கட்டட முகப்புக் கண்ணாடிகளுக்கு வரைபடம் போடுகிறவன். அடுத்த நாளே கிளம்பினேன்.

நான் இருக்கும் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி பஸ், புறக்கோட்டை வரை எழுபது ரூபாய். சுமார் ஒன்பது கிலோமீட்டர். எனக்கு ஒரு மணித்தியாலம் போனது. கண்டக்டர் நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் "பஸ்ஸட்ட யன்ன, பின்னுக்குப் போங்க, இடம் இருக்கு" என்று சிங்களத்திலும் தமிழிலும் பொய் சொன்னார். இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் கடை முகப்புகளைப் பாருங்கள். பாதிக் கண்ணாடிகளில் ஆளுயர விளம்பரம். கண்ணாடிக்குக் காசு கொடுத்து, அதைச் சுவராக்கவும் காசு கொடுத்திருக்கிறார்கள்.

புறக்கோட்டையிலிருந்து ஆட்டோ, இரண்டரைக் கிலோமீட்டர். ஐந்நூறு கேட்டார், முந்நூறுக்கு வந்தார். எதற்குப் போகிறேன் என்று சொன்னதும், "கண்ணாடி பார்க்கவா? அப்ப என் சைட் கண்ணாடியையும் பாருங்க தம்பி, ரெண்டு மாசமா ஆடுது" என்றார். பார்த்தேன். ஓர் ஆணி போதும்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கட்டடத்தின் எதிரில் நின்றேன். கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லை, தூசிகூட இல்லை. ஆனால் உள்ளே ஒரு சாண் தள்ளி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, சேலை அலுமாரிகளின் முதுகு. வெறும் பலகை. விதியில் அலுமாரியின் முதுகைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

"ரூல்ஸ் மாஸ்டர் வந்திட்டார்" என்றார் அக்கா, கத்தரிக்கோலை வைக்காமலே. இருவருமாக முன்கடை முதலாளியிடம் போனோம்.

"நான் கண்ணாடியில கையே வைக்கேல்ல, தம்பி. வேணுமெண்டா துடைச்சுப் பாருங்கோ."

"அலுமாரியை ஏன் அங்க வச்சனீங்கள்?"

அவர் ஒரு சிவப்புச் சேலையை விரித்தார். மடிப்புக்குள் சிவப்பு, வெளியே வெளுத்துச் செங்கல் நிறம். "மேற்கு வெயில். இப்பிடி எத்தினை போச்சுது தெரியுமோ? இதை வாசுகி கட்டுவாவோ?"

"அரை விலைக்குத் தந்தாக் கட்டுவன்" என்றார் அக்கா. முதலாளியும் சிரித்துவிட்டார்.

நான் வெளியே வந்து மேலே பார்த்தேன். அக்கா ஒப்பந்தத்தோடு வாங்கி வைத்திருந்த கட்டட வரைபடத்தில், கண்ணாடிக்கு மேல் நாலடி வெளியே நீளும் நிழல்தட்டு இருந்தது. இங்கே அந்த இடத்தில் பெயர்ப்பலகை.

"தட்டுக்கு மேல போட்டா ஆருக்குத் தெரியும்? மூண்டு பாஷையிலயும் பெரிசா வரவேணுமெல்லே" என்றார் பின்னாலேயே வந்த முதலாளி.

பெயர் தெரிய நிழலை எடுத்தார்கள். நிழல் போனதால் வெயில் வந்தது. வெயிலுக்காகக் கடையையே மறைத்தார்கள். பெயர்ப்பலகையை மேலே ஏற்றி, தட்டை மறுபடி பொருத்தி, அலுமாரிகளைப் பக்கச் சுவருக்கு மாற்றலாம் என்று பில் ஒன்றின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். அவருக்குப் பிடித்திருந்தது. "செய்வம் தம்பி. வருஷப்பிறப்பு வியாபாரம் முடியட்டும். இப்ப கடையை உடைக்கேலாது."

அவர் சொன்னதும் நியாயம்தான். அக்கா என்னைப் பார்த்து, "வருஷப்பிறப்புக்குத்தான் எனக்கும் தையல் வாறது" என்றார். அவ்வளவுதான். நான் கோபமாக ஏதோ தொடங்கினேன். பிளேன் டீயை என் கையில் தந்து நிறுத்தினார். மாத முடிவில் கடையை விட்டார்.

மே மாதம் மறுபடி அந்தப் பக்கம் போனேன். முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. தட்டு வந்திருந்தது, பலகை மேலேறியிருந்தது, அலுமாரிகள் பக்கச் சுவரில். எதிர்ப்பக்கம் நின்றால் கடைசிச் சுவர் வரை தெரிந்தது. மெஷின் இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகள். இவ்வளவு தெளிவான கடை முகப்பை அந்தத் தெருவில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. நின்று பார்க்கத்தான் மனம் வரவில்லை.

கடை எடுக்கப் போகிறவர்களுக்கு: பின்னேரம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள், காலையில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். மேற்குப் பார்த்த கடையென்றால் முதலில் தலைக்கு மேல் நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் இருப்பவர் அலுமாரியை எங்கே வைப்பார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்; விதி கண்ணாடியோடு நின்றுவிடும். பிளவுஸ் தைக்கப் போகிறவர்கள் கொட்டாஞ்சேனையில் இறங்க வேண்டாம். அக்கா இப்போது ஹெந்தளையில், வீட்டின் பின்னறையில் தைக்கிறார். தெருவிலிருந்து தெரியாது, கேட்டடியில் நின்று கூப்பிட வேண்டும்.