நீலக் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

காலை ஒன்பது இருபது. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அது இருந்த இடம், தபால் தலை அளவுள்ள ஒரு நீலக் கண்ணாடித் துண்டு. என் அறை நண்பர் செய்த சூரிய மின்கலம்.

எண்பதுகளின் பிற்பகுதி. தருமபுரியில் நான் ஒரு நாளிதழின் நிருபர், அவர் விரிவுரையாளர். எல்லோரும் சிலிக்கானில் செய்வதை அவர் சாயத்தில் செய்ய முயன்றார். கண்ணாடியின் பின்புறம் மெல்லிய நீலச் சாயம், அதன்மேல் சிவப்புச் சாயம், கடைசியில் உலோகப் பூச்சு. ஒரே சாயமென்றால் வெளிச்சம் கிளப்பிய மின்சாரம் உள்ளேயே அடங்கிவிடும், இரண்டும் ஒட்டுமிடத்தில்தான் பிரிந்து வெளியே வரும் என்பார். பூச்சு போட்டுக் கொடுத்தவர் ஒரு பெங்களூர்ப் பேராசிரியர். கம்பி இணைத்து ஓட்டிக் காட்டுவது இவர் பொறுப்பு. சேலம் போகும் வழியில் பேராசிரியர் பதினோரு மணிக்கு வருகிறார். வெளிச்சம் பட்டு மீட்டர் முள் அசைந்தால் இவரை ஆராய்ச்சி மாணவராகச் சேர்த்துக்கொள்வார். அசையாவிட்டால் இல்லை.

ஆய்வக உதவியாளர் பக்கத்து இண்டூர்க்காரர், எங்களைவிட மூத்தவர். முந்தின மாலை ஆய்வகத்தில் ஆயுத பூஜை போட்டவர் அவர்தான்.

"தராசு, மைக்ராஸ்கோப், ஸ்டூலு வரைக்கும் வெச்சனுங்க. இத மட்டும் உட்டா கோவிச்சுக்காதுங்களா?"

"அண்ணா, வெளிச்சம் உள்ள போற வழியே அதுதாங்க. கண்ணு மேலயே அப்பியிருக்கீங்க," என்றார் நண்பர்.

அவர் ஈரத்துணியோடு வந்தார். நண்பர் அலறினார்.

"தண்ணி வேண்டாங்க! ஈரம் பட்டா சாயம் செத்துரும். காத்துல இருக்கற ஈரமே ஒரு நாள்ல கொன்னுரும்."

"சந்தையில வாங்குன என் லுங்கி பத்து வருசமா துவைக்கறனுங்க, சாயம் போவல. நீங்க எந்தக் கடையில வாங்குனீங்க?"

சுரண்டினால் அடியில் இருக்கும் பூச்சு பெயர்ந்துவிடும் என்று நண்பருக்குப் பயம். பதினோரு மணி வரை மூவரும் பொட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

பேராசிரியர் வந்தார், குனிந்தார், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். நண்பர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"வெளிச்சம் படற பரப்பளவு துல்லியமாத் தெரியணும்னு மறைப்பு வெச்சிருக்காருங்க சார்."

"மறைப்புன்னா சுத்தி மூடி நடுவுல திறந்திருக்கணும். இது நடுவுல மூடி சுத்தி திறந்திருக்கே. நீங்க என்ன டிபார்ட்மென்ட்?"

"பத்திரிகைங்க."

"அதான பார்த்தேன்." பஸ் டிக்கெட்டை மடித்து அதன் முனையால் பொட்டை நெம்பினார். காய்ந்த சந்தனம் அப்பளம்போல் முழுதாகக் கழன்று வந்தது. "எங்க லேப்லயும் பூஜை உண்டு. பூச்சு போடற வாக்குவம் பம்போட நிறுத்திக்குவோம்."

விளக்கைப் போட்டார்கள். முள் மூன்று கோடு நகர்ந்தது. பேராசிரியர் கையால் வெளிச்சத்தை மறைத்தார், முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது. கையை எடுத்தார், மீண்டும் மூன்று. நண்பர் மூச்சு விட்டதை அப்போதுதான் கேட்டேன்.

"பொட்டு வெச்ச ராசிங்க," என்றார் உதவியாளர்.

பேராசிரியர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, காபி குடித்து, சேலம் பஸ் ஏறினார்.

மாலை நாலு மணிக்கு நாங்கள் மறுபடி விளக்கைப் போட்டோம். முள் அசையவில்லை.