கையால் திருப்பினால்தான் அக்காவுக்குத் திருப்தி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அவருடைய பொறுமையைப் பற்றி எழுதும்படி அவர் மகள் கவிதா கேட்டாள். பொறுமை தேவைப்பட்டது எங்களுக்குத்தான் என்பது பழகியவர்களுக்குத் தெரியும்.

அக்கா பிறந்தது தாம்பரம் ரயில்வே குடியிருப்பில். தொலைபேசித் துறையில் வேலை. மாமா இளம் வயதிலேயே காலமாகிவிட, பொழிச்சலூரில் சிறிய வீடு கட்டிக் கவிதாவைத் தனியாளாகப் படிக்கவைத்தார். அரசு உரிமம் வாங்கி, மொட்டை மாடியில் கம்பி கட்டி, ஹாம் ரேடியோவில் முகம் தெரியாதவர்களோடு பேசுவது அவருடைய ஒரே பொழுதுபோக்கு. குன்றத்தூரில் என் பேத்திக்குக் காது குத்தப் புறப்பட்டு எல்லோரும் வேனில் காத்திருந்தபோது, "அந்தமான் கேக்குதுடா, இரு" என்றவர் கடைசிவரை இறங்கி வரவில்லை.

விரல் மூட்டுகள் வீங்கியதும், கேளம்பாக்கத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் கவிதா புது ரேடியோக் கருவி வாங்கித் தந்தாள். ஆளைத் தேடுவது, இரைச்சலை வடிகட்டுவது, பதில் அனுப்புவதுகூடக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

"நான் தூங்கினாலும் அது பேசுமாமே. அப்ப நான் எதுக்கு?" என்றார் அக்கா.

"கை வலிக்குதுன்னு நீதானேக்கா சொன்ன?"

"வலிக்குதுன்னு சொன்னேன். வேணாம்னு சொன்னேனா?"

எல்லாத் தானியங்கி வசதிகளையும் அணைக்கச் சொல்லிவிட்டு, அலைவரிசைக் குமிழைத் திருப்ப என்னை உட்காரவைத்தார். "இடது பக்கம். ஐயோ, அவ்ளோ இல்ல! தண்ணிக் குழாயாடா அது?" பணி ஓய்வு பெற்றவனுக்கு இப்படியொரு வேலை. நான் பலமுறை கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன்.

பெருமழையில் கைப்பேசிகள் செயலிழந்த அன்றும் நான்தான் குமிழருகே இருந்தேன். இரைச்சல் தாங்காமல் வடிகட்டியைப் போட்டேன். அறை அமைதியானது.

"அணைடா அதை! உள்ள ஒரு ஆள் இருக்கார்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா சொன்னபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். கடைசியில் ஒரு குரல் தேறி வந்தது. கோவளம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து, ஹாம் உரிமம் வைத்திருந்த சேகர். "யாராச்சும் கேக்குறீங்களா? எங்க நைனாவுக்கு ஆக்சிஜன் தீரப்போவுது. ரோடு ஃபுல்லா தண்ணி கீது."

"கேக்குது தம்பி. எடத்த மெதுவா சொல்லுங்க," என்றார் அக்கா. தாம்பரத்திலிருந்த தன் ரேடியோ நண்பர் ராஜனுக்கு அதை அப்படியே சொன்னார். ராஜன் ஏற்பாட்டில், பொழுது சாய்வதற்குள் சிலிண்டர் படகில் போய்ச் சேர்ந்தது. பெரியவர் பிழைத்தார். அக்கா என்னைப் பாராட்டவில்லை. "சீக்கிரமே அணைச்சிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.

கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபடியே திருப்பச் சொன்னார். கண் மூடிய அன்று காலையும், "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்றுதான் சொன்னார்.

மருத்துவர்களுக்கும், அடுத்த வீட்டாருக்கும், ராஜன் சாருக்கும், தந்தையோடு வந்து அக்காவைத் தூக்கத் தோள் கொடுத்த சேகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கருவியை ரேடியோ நண்பர்கள் யாருக்காவது தந்துவிடலாமா என்று கவிதா கேட்கிறாள். தரலாம். கணினியோடு இணைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அக்காவுக்கு உண்டு.